பழைய அலுமினியப் படகைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மர வள்ளத்துக்கு எண்ணெய் போடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபைபர் வள்ளத்தில் விரிசல் விட்டால் வீட்டு முற்றத்திலேயே வைத்து அடைத்துவிடுவார்கள். இரும்புக்கு என்ன அடிக்க வேண்டும் என்று ஜன்னல் கம்பி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அலுமினியப் படகு மட்டும்தான் நமக்குப் புதுசு. காயலிலும் ஆற்றிலும் அணைப் பக்கமும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. பெரும்பாலும் யாரோ பழசாக வாங்கி வந்தது.

குளச்சல் பக்கம் நான் வேலை செய்யும் ஷெட்டுக்கு இப்படிப்பட்ட படகுகள் வரும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. மரத்துக்கும் இரும்புக்கும் செய்து பழகியதை இதற்கும் செய்துவிட்டு, ஆறு மாதத்தில் பெயின்ட் ஏடு ஏடாக உரிந்து வந்தபின் வருகிறவர்களே அதிகம். அதனால் கேட்டவர்கள் வாயால் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அலுமினியம் துருப்பிடிக்காதுல்லா, பின்ன எதுக்குப் பெயிண்டு?

நியாயமான கேள்வி. படகுக்குப் பயன்படும் அலுமினியக் கலவை காற்றுப் பட்டதுமே தன்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தைத் தானே போட்டுக்கொள்ளும். அந்தப் படலம்தான் அதற்குக் கவசம். பெயின்டே இல்லாமல் பல வருடம் நன்றாக ஓடும் அலுமினியப் படகுகள் உண்டு. தினமும் கரையேற்றி வைக்கும் படகு, பார்வைக்கு எப்படி இருந்தாலும் கவலையில்லை என்றால், இருக்கிற பெயின்டை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் தகடாக விடுவதும் சரியான முடிவுதான்.

மோசமானது அரைகுறை பெயின்ட். பாதி பிடித்து, பாதி பொங்கிக் கிடக்கும் பெயின்டுக்கு அடியில் உப்புத்தண்ணீர் புகுந்து வெளியே போக வழியில்லாமல் நிற்கும். காற்று கிடைக்காத அந்த இடத்தில் கவசப் படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாது. குழி விழுவது அங்கேதான். ஆகவே அடித்தால் முறையாக அடியுங்கள், இல்லையென்றால் அடிக்காமலே விடுங்கள்.

பழைய பெயிண்டு முழுசா எடுக்கணுமா? பொரிஞ்ச இடத்த மட்டும் எடுத்தா போதாதா?

பிளேடால் பழைய பெயின்டில் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடு கீறுங்கள். அதன்மேல் நல்ல ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் பெயின்ட் பிடித்திருக்கிறது. தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடிக்கலாம். கட்டம் கட்டமாக டேப்போடு வந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் எடுக்க வேண்டியதுதான்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அணியம் என்னும் முன்முனை, இரண்டு பக்கம், தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே, எஞ்சின் மாட்டும் பின்பலகை என்று ஐந்தாறு இடத்திலாவது பாருங்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே நன்றாகவும் கீழே மோசமாகவும் இருப்பது சாதாரணம்.

தடைக்காலத்துல சும்மாதான கெடப்போம், அப்போ செஞ்சிரலாமா?

நீங்கள் எந்தக் கரை என்பதைப் பொறுத்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வரும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். இந்தத் தடை விசைப்படகுக்குத்தான் என்றாலும் ஊரே அந்த நேரத்தில்தான் பழுது வேலை பார்க்கும், பெயின்டரும் அப்போதுதான் கையில் கிடைப்பார்.

ஆனால் மேற்குக் கரைத் தடைக்காலம் முழுக்கத் தென்மேற்குப் பருவமழைக்குள் விழுகிறது. தகட்டைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும் நாட்கள் அவை. ஏப்ரல், மே முதல் பாதியில் செய்யலாம். மே கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பலமாகிவிட்டால் அந்தப் பக்கத்து ஊர்களில் தூசியும் சேர்ந்து வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. எனக்குக் கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரைதான் இந்த வேலைக்கு நல்ல காலம்.

பன்னிரண்டு அடிப் படகு, ஒரு ஆள் என்றால் சுரண்டித் தேய்க்க மூன்று நாள், பிரைமரும் பெயின்டும் மூன்று நாள், அப்புறம் காய ஒரு வாரம். இரண்டு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் சோடா போட்டா பெயிண்டு சட்டுன்னு வந்திரும்ங்காங்க. போடலாமா?

போடவே கூடாது. காஸ்டிக் சோடா பெயின்டைத் தின்று முடித்ததும் அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். நுரை பொங்கும், தகடு சூடாகும், வருவது ஹைட்ரஜன் வாயு. பக்கத்தில் பீடி பற்றவைத்தால் ஆபத்து. சுண்ணாம்பும் ஈர சிமென்டும் இதே ரகம்தான். சிமென்ட் வைத்து ஓட்டை அடைத்த படகு ஒன்று வந்தது. சிமென்டைத் தட்டி எடுத்தபோது சுற்றியிருந்த தகடு அரித்துப் போயிருந்தது.

அலுமினியத்துக்கு ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்கும் பெயின்ட் ரிமூவரை வாங்குங்கள். பிரஷ்ஷால் தடிமனாகப் பூசி, மேலே பாலித்தீன் தாள் போட்டு மூடினால் சீக்கிரம் உலராது. பெயின்ட் சுருங்கிப் பொங்கியதும் பிளாஸ்டிக் அல்லது மரத் தகட்டால் வழித்தெடுங்கள். வேகமாக வேலை செய்யும் ரகத்தில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுக்கும். வெட்டவெளியில், கையுறையோடுதான் தொட வேண்டும். பென்சைல் ஆல்கஹால் ரகம் மெதுவாகத்தான் வேலை செய்யும். அவசரம் இல்லையென்றால் அதையே வாங்குங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இருக்கைக்கு அடியில் மிதப்புக்காக ஃபோமோ தெர்மோகோலோ வைத்திருப்பார்கள். ரிமூவர் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். முதலிலேயே வெளியே எடுங்கள். தண்ணீர் குடித்துக் கனத்திருந்தால் திரும்ப வைக்க வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள்.

தீய வச்சு எரிச்சு எடுத்தா என்ன?

வேண்டாம். மெல்லிய தகடு நெளிந்துவிடும், அதன் வலுவும் குறையும். இரும்பைப் போல அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியை எட்டும் முன்பே திடீரென்று உருகி ஓட்டை விழும்.

கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி அடிச்சா ஒரு மணிக்கூர்ல முடிஞ்சிரும்லா?

சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷில் இருந்து இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. உப்புக்காற்றுப் பட்டதும் அவை துருப்பிடித்து, ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் அலுமினியம் அரிக்கும். நேற்றுவரை இரும்பைத் தேய்த்த டிஸ்க்கை இதில் மாட்டினாலும் அதே கதிதான். நைலான் தேய்ப்பு டிஸ்க், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ், புது உப்புத்தாள் இவைதான் சரி. 80 நம்பரில் தொடங்கி 120-இல் முடியுங்கள். கண்ணாடி போல வழவழப்பாக்கக் கூடாது. பிரைமருக்குப் பிடிமானமாக மெல்லிய கீறல் வேண்டும்.

கடற்கரை மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி பிளாஸ்ட் பண்ணலாமா என்றும் கேட்கிறார்கள். அதில் உப்பு இருக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் இல்மனைட் என்ற கறுப்புக் கனிமத்தோடு இரும்பும் சேர்ந்தே இருக்கிறது. மணல் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. மெல்லிய தகடும் அந்த அடியில் குவிந்து நெளியும். தேய்த்த அலுமினியத் தூள் தீப்பிடிக்கக் கூடியது. குவிய விடாமல் அவ்வப்போது கூட்டி எடுங்கள், பக்கத்தில் இரும்பு அறுத்துப் பொறி பறக்க விடாதீர்கள்.

பழைய பெயிண்டுக்கு அடியில மஞ்சளா ஒண்ணு இருக்கு. அது என்னது?

பெரும்பாலும் ஜிங்க் குரோமேட் பிரைமர். ஒரு காலத்தில் அலுமினியத்துக்கு அதைத்தான் அடித்தார்கள், நன்றாகவும் நின்றது. ஆனால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. டேப் சோதனையில் அது உறுதியாக நின்றால் சுரண்டாமல் அப்படியே விடுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், கழிவைத் தார்ப்பாயில் பிடித்துத் தனியாகக் கட்டி வையுங்கள். உலர்ந்த நிலையில் கிரைண்டர் வைத்து அந்த மஞ்சள் தூளைக் கிளப்பிவிடக் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

வெள்ளையா மாவு மாதிரி பூத்து குழி குழியா இருக்கு. பாத்ரூம் ஆசிட் விட்டுக் கழுவலாமா?

பாத்ரூம் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதிலுள்ள குளோரைடு கடல் உப்பில் இருப்பதேதான். குழியை ஆற்றுவதற்குப் பதில் ஆழமாக்கும். பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த அலுமினிய கிளீனர் கிடைக்கும்; அதைத் தண்ணீர் கலந்து தேய்த்து, உலரும் முன்பே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். குழிக்குள் இருக்கும் வெள்ளைப் பொடியைக் குத்தூசியோ ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷோ வைத்துப் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை எடுங்கள். ஊசி முனை மறுபக்கம் போனால் அங்கே பட்டி வேலை கிடையாது. வெல்டிங்தான், அதுவும் பெயின்டுக்கு முன்பே.

குழி எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் காரணமும் தெரியும். ஒரு படகின் அடித்தட்டில் கை அகலத்துக்கு ஒரே இடத்தில் குழிகள். அங்கேதான் வலையின் ஈயக்குண்டுகளைப் படகுக்காரர் போட்டு வைத்திருந்தார். ஈயம், செம்பு, பித்தளை எதுவானாலும் உப்புத்தண்ணீரோடு அலுமினியத்தில் கிடந்தால் அலுமினியம்தான் கரையும். கீழே விழுந்த ஒரு துண்டு செம்புக் கம்பி போதும். குண்டுகளைப் பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள்.

மேலோட்டமான குழிகளுக்கு எப்பாக்சி பட்டி. கார் பட்டறையில் போடும் பாலியெஸ்டர் பட்டி தண்ணீரை உறிஞ்சும். படகில் அது நிற்காது.

ரிவிட் வழியா தண்ணி கசியுது. பெயிண்டு அடிச்சா அடைஞ்சிருமா?

அடையாது. படகு அலையில் போகும்போது தளர்ந்த ரிவிட் அசையும், பெயின்ட் அங்கே வெடிக்கும். சுரண்டிய பிறகு படகை உறுதியான இரண்டு முட்டுகள்மேல் வைத்து, உள்ளே நாலு விரல் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அதற்குமேல் வேண்டாம், லிட்டருக்கு ஒரு கிலோ கனம் ஏறும். வெளியே அடியில் படுத்துப் பார்த்து, துளி கட்டும் ரிவிட்டையெல்லாம் மார்க்கரால் வட்டமிடுங்கள். ஒரு ஆள் வெளியே கனமான இரும்பை அணைத்துப் பிடிக்க, உள்ளிருந்து தட்டினால் பல ரிவிட்டுகள் இறுகிவிடும். இறுகாததை மாற்ற வேண்டும். சீலன்ட் அதற்குப் பிறகுதான்.

கழுவ எங்க கிணத்துத் தண்ணி போதும்லா?

இந்தக் கேள்விக்கு நான் விலை கொடுத்துப் பதில் கற்றுக்கொண்டேன். நான் முதலில் செய்த அலுமினியப் படகைக் கடலுக்குப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். லேசான உவர்ப்பு உண்டு, குளிக்க எல்லாரும் பயன்படுத்தும் தண்ணீர்தான். பிரைமர், இரண்டு கோட் பெயின்ட், எல்லாம் ஒழுங்காக அடித்தேன். மூன்று மாதம் கழித்து உரிமையாளர் கூப்பிட்டார். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே கடுகு இறைத்தது போலக் கொப்புளம். ஒன்றைக் கத்தி முனையால் கிள்ளினேன். ஒரு துளி தண்ணீர் கசிந்தது. அடியில் தகடு மங்கி, ஓரத்தில் வெள்ளைப் பொடி கட்டியிருந்தது.

தகட்டில் ஒட்டிய உப்பு பெயின்டுக்கு அடியில் இருந்துகொண்டு வெளியிலுள்ள தண்ணீரைப் பெயின்ட் வழியாகவே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டானாலும் இதைத் தடுக்காது. அந்தப் படகை என் செலவில் முழுக்கச் சுரண்டித் திரும்ப அடித்துக் கொடுத்தேன். இப்போது கடைசிக் கழுவலுக்கு மழைத்தண்ணீரோ, உவர்ப்பே இல்லாத குடிதண்ணீரோ மட்டும்தான். கடற்கரையை ஒட்டிய இடம் என்றால் படகைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய்ச் செய்வது இன்னும் நல்லது. கடல்காற்றே உப்பைக் கொண்டுவந்து படியவைக்கும்.

கழுவியது போதுமா என்று பார்க்கத் தண்ணீரே சொல்லும். தகட்டில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. சோப்புத் தூளும் தின்னரும் வைத்துத் திரும்பவும் துடையுங்கள். ஒரே படலமாகப் பரவி நின்று இறங்கினால் சுத்தம். இது எண்ணெய்க்கான சோதனை மட்டும். உப்பை இது காட்டாது.

தேச்சு முடிச்சாச்சு. பிரைமர் நாளைக்கு அடிச்சாப் போதும்லா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முதல் பதிலில் சொன்ன ஆக்சைடு படலம், நீங்கள் தேய்த்த மறுநொடியே திரும்ப வளரத் தொடங்குகிறது. ராத்திரி முழுக்க ஈரக்காற்றில் விட்டால் நீங்கள் அடிக்கும் பிரைமர் உலோகத்தில் ஒட்டாது, அந்தப் படலத்தின்மேல் ஒட்டும். மூன்று மாதம் கழித்து இரண்டும் சேர்ந்து உரிந்து வரும். இரும்பானால் காலையில் மஞ்சள் துரு தெரியும், நாமே எச்சரிக்கையாகிவிடுவோம். அலுமினியம் மறுநாளும் அதே பளபளப்போடு இருக்கும், அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள்.

பெரிய சுரண்டல், கழுவல் எல்லாம் முந்தின நாளே முடியட்டும். பிரைமர் அடிக்கும் நாள் காலையில், பனி ஈரம் போனபின், ஒன்பதரை மணி வாக்கில் 120 நம்பர் தாளால் முழுவதும் ஒருமுறை லேசாகத் தேயுங்கள். தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். முதல் துணி கரியாகத்தான் வரும், அது அலுமினியத் தூள். துணியை மாற்றி மாற்றி, வெள்ளை வெள்ளையாகவே வரும்வரை துடைத்தால் முடிந்தது. அப்போதிருந்து நாலு மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். ஒரு நாளில் முழுப் படகும் முடியாது என்றால் பாதியை மட்டும் தேயுங்கள்.

வேலை நிழலில் நடக்கட்டும். உச்சி வெயிலில் கை வைக்க முடியாத தகட்டில் அடித்தால் தின்னர் கொதித்துக் குமிழி விடும்.

ரெட் ஆக்சைடு வீட்டுல மிச்சம் கெடக்கு. அத அடிச்சா என்ன?

அது இரும்புக்கு. அலுமினியத்தில் பிடிக்காது. ஜிங்க் ரிச் பிரைமரும் இரும்புக்குத்தான். பழைய செவ்வீயப் பிரைமர் யாரிடமாவது இருந்தால் தொடவே வேண்டாம். மேலே ஈயக்குண்டுக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும், விஷமும் கூட. சில்வர் பெயின்ட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு அலுமினியத்துக்கு அதுதான் பொருத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குள் அலுமினியத் துகள் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரைமர் வேலையை அது செய்யாது.

வள்ளத்துக்கு அண்டி எண்ணெய் போடுவோமே, இதுக்கும் ஒரு கை போட்டா பாதுகாப்புதான?

அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய், மரத்துக்கு நல்ல காவல். அது மரத்துக்குள் ஊறிப் பூச்சியையும் தண்ணீரையும் தடுக்கிறது. அலுமினியத்தில் ஊற இடமில்லை. மேலேயே பிசினாக நிற்கும். பிறகு எந்தப் பெயின்டும் ஒட்டாது. மீன் எண்ணெயும் அப்படித்தான்.

எட்ச் பிரைமரா, எப்பாக்சியா? கடைக்காரர் ரெண்டும் வேணும்ங்காரு.

எட்ச் பிரைமரில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அது தகட்டைக் கடித்துப் பிடிக்கும். தகடு லேசாகத் தெரியும் அளவுக்கு ஒரே ஒரு மெல்லிய கோட்தான் அடிக்க வேண்டும். தடிமனாக அடித்தால் அதுவே ஏடாகப் பெயரும். எப்பாக்சி பிரைமர் இரண்டு டின், கலந்து அடிப்பது. தண்ணீரை உள்ளே விடாமல் காக்கும் கனமான கோட்.

தண்ணீரில் முழுகும் பகுதிக்கு என் தீர்ப்பு: நன்றாகத் தேய்த்த தகட்டில் நேரடியாக எப்பாக்சி, இரண்டு கோட். எட்ச் பிரைமரில் மிஞ்சிய அமிலம் சில எப்பாக்சிகள் இறுகுவதைக் கெடுக்கும். இரண்டையும் சேர்ப்பதானால் எப்பாக்சி கம்பெனியின் விவரத்தாளில் அதற்கு அனுமதி எழுதியிருக்க வேண்டும். அதே தாளில் அலுமினியம் என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கலக்கும் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இறுகவைக்கும் டின்னான ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. கூடினாலும் குறைந்தாலும் இறுகாது. கலந்தபின் 15, 20 நிமிடம் வைக்கச் சொல்லியிருந்தால் வையுங்கள். டின்னில் போட்டிருக்கும் வேலை நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு. நம் ஊர் 35 டிகிரியில் அது பாதிதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். அடுத்த கோட்டுக்கு எவ்வளவு நேரத்துக்குள் என்று எழுதியிருக்கும் கெடு தாண்டிவிட்டால், தேய்க்காமல் மேலே அடிக்கக் கூடாது.

எவ்வளவு வாங்கணும்?

படகின் நீளத்தை, ஒரு விளிம்பில் இருந்து அடிவழியாக மறு விளிம்பு வரையுள்ள சுற்றளவால் பெருக்குங்கள். 12 அடி நீளம், 7 அடி சுற்று என்றால் 84 சதுர அடி. அணியம் ஒடுங்குவதைக் கழித்தால் சுமார் 70, அதாவது ஆறரை சதுர மீட்டர். எப்பாக்சி பிரைமர் லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 1.3 லிட்டர். ரோலரிலும் தட்டிலும் போவதைச் சேர்த்து 2 லிட்டர் வாங்குங்கள். மேல் பெயின்ட் ஒன்றரை லிட்டர். உள்பக்கமும் அடிப்பதானால் தனிக் கணக்கு.

மேல சாதா இனாமல் போதுமா? பியூதான் அடிக்கணுமா?

எப்பாக்சி மட்டும் அடித்து விட்டுவிடக் கூடாது; வெயிலில் சுண்ணாம்பு போல வெளுத்துப் பொடியும். மேலே ஒன்று வேண்டும். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே இனாமல் சில வருடம் தாங்கும், அடிக்கவும் எளிது. பியூ, அதாவது பாலியூரித்தேன், அதைவிடப் பல மடங்கு நிறம் நிற்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே பண்ணினால் அந்தப் புகை நிரந்தரமான ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வீட்டில் செய்கிறவர்கள் ஸ்பிரே வேண்டாம். நுரை ரோலரால் மெல்லியதாக உருட்டி, உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் வருடிவிட்டால் குமிழி மறைந்து வழவழப்பாக வரும். அதற்கும் கரி வடிகட்டி மாஸ்க் போடுங்கள். மாலை மூன்று மணிக்குள் கடைசிக் கோட்டை முடியுங்கள். ஈரக்காற்றுப் பட்டால் பளபளப்பு செத்துவிடும்.

நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும், தகடு அவ்வளவு சுடாது. வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. நம் மணவாளக்குறிச்சிக் கரிமணலில் இருந்து பிரிக்கும் இல்மனைட்தான் அதற்கு மூலப்பொருள். டின்னைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கறுப்பு மணல் நினைவுக்கு வரும்.

வள்ளத்துக்கு அடியில பாசி பிடிக்காம அடிக்கிற சிவப்புப் பெயிண்டு இதுக்கும் அடிக்கலாம்லா?

அந்தப் பெயின்டுகள் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்தவை. மரத்துக்கும் ஃபைபருக்கும் நல்லது. அலுமினியத்தில் எங்காவது ஒரு கீறல் வழியாகச் செம்பும் தகடும் கடல்நீரில் சந்தித்தால் ஈயக்குண்டுக்கு நடந்ததுதான், ஆனால் படகு முழுக்க. செம்பு இல்லாதது, அலுமினியத்துக்கு என்றே விற்பது மட்டும் அடியுங்கள். முதலில் ஒரு கேள்வி: படகு இரவும் பகலும் தண்ணீரிலேயே நிற்கிறதா? மணக்குடிக் காயலில் கட்டியே வைத்திருந்தால் தேவை. தினமும் கரையேற்றுகிறீர்கள் என்றால் அந்தச் செலவே வேண்டாம்.

உள்பக்கம்?

மங்கலான சாம்பல் நிறம். வெள்ளை கண்ணைக் கூசும். கால் வழுக்காமல் இருக்க, ஈரப் பெயின்டின்மேல் சலித்த ஆற்று மணலைத் தூவி, காய்ந்தபின் உதிர்வதைத் தட்டிவிட்டு இன்னொரு கோட். கடல் மணல் கூடாது. ஏன் என்று மேலே சொல்லியாயிற்று.

பதிவு நம்பர் அழிஞ்சிருமே?

சுரண்டும் முன்பே நம்பரை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எழுத்தின் உயரத்தையும் இடத்தையும் அளந்து வையுங்கள். மீன்பிடிப் படகுக்கு 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு உண்டு. அதே நம்பர், அதே இடத்தில் திரும்ப வர வேண்டும். நிறத்தை மாற்றுவதானால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஸ்டீல் போல்ட்டு போட்ட இடத்துல மட்டும் திரும்பத் திரும்பப் பொங்குது. ஏன்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புத்தண்ணீரில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அடியில் அது நடந்துகொண்டே இருக்கும். போல்ட்டைக் கழற்றுங்கள், துளையின் உள்சுவரையும் தேய்த்து எப்பாக்சி பிரைமர் தடவுங்கள், காய்ந்தபின் நைலான் வாஷரும் பாலியூரித்தேன் சீலன்டும் வைத்து, உலோகம் உலோகத்தைத் தொடாதபடி மாட்டுங்கள். பின்பலகையில் எஞ்சின் உட்காரும் இடத்திலும் இதைச் செய்யுங்கள்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் பேட்டரி வயரிங்கைப் பாருங்கள். வண்டியில் செய்வது போலப் படகின் உடலையே எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது; பிளஸ், மைனஸ் இரண்டும் தனித்தனி வயரில் போக வேண்டும். தோல் உரிந்த வயர் ஈரத் தகட்டைத் தொட்டால் வாரக்கணக்கிலேயே குழி விழும்.

ஜிங்க் கட்டை மாட்டணுமா?

தகட்டுக்குப் பதில் தான் அரிபட்டுக் கரைவதற்காக மாட்டும் உலோகக் கட்டை அது. தினமும் கரையேறும் படகுக்கு வேண்டாம். தண்ணீரிலேயே நிற்பதற்கு வேண்டும், ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். கடலுக்கு ஜிங்க் சரி. பேச்சிப்பாறை அணை போன்ற நன்னீருக்கு மெக்னீசியம். அதைக் கடலில் போட்டால் வேகமாகக் கரைவதோடு பெயின்டையும் தூக்கிவிடும். பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலால் அடைத்திருக்கும்போது ஒரு தண்ணீர், வெட்டிவிட்டால் இன்னொரு தண்ணீர் என்று மாறும் காயலுக்கு அலுமினியக் கட்டையே பொருத்தம். கட்டை தகட்டை நன்றாகத் தொட வேண்டும், அதன்மேல் பெயின்ட் படக் கூடாது. போன தடவை பெயின்டர் அழகாக இருக்கட்டும் என்று கட்டைக்கும் அடித்துவிட்டார் என்றால், அது வெறும் சுமை.

அடிச்சு ரெண்டு மாசம்தான் ஆச்சு, பாறைல ஒரசிட்டு. திரும்பவும் முழுசா செய்யணுமா?

வேண்டாம், ஆனால் அந்த வாரமே கவனியுங்கள். கீறலைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு, பெயின்டின் விளிம்பு கைக்குத் தட்டாமல் சரிவாக வரும்வரை தேயுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தி, திரும்ப ஒருமுறை தேய்த்துத் துடைத்து, அதே மணி நேரத்தில் எப்பாக்சி. சின்ன இடம்தானே என்று நேரடியாக மேல் பெயின்டைத் தொட்டு வைக்காதீர்கள்.

புது பெயின்ட் அடித்த படகைத் தண்ணீரில் இறக்க ஏழு நாளாவது விடுங்கள். கரையில் வைக்கும்போது ஈர சிமென்ட் தரையிலோ மணலிலோ கவிழ்க்காமல், பழைய டயரிலோ தென்னந்தடியிலோ வையுங்கள். தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்து வெள்ளை பூக்கும். மேலே ஓலை சாய்த்து, இரண்டு பக்கமும் காற்றுப் போகத் திறந்து விடுங்கள்.